சரோஜாம்மாவிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி

விசா மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் ஒரு மணி நேரம் பேசும்படி முதலாளி கேட்டார். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். பிரிக்பீல்ட்ஸில், பூமாலைக் கடைகளுக்கு மேலே, இதே மாடி டிராவல்ஸ் ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள் நான். தினமும் கிள்ளானிலிருந்து ரயில் பிடித்து வந்து, ஊரெல்லாம் போக வழி சொல்லிவிட்டு, நான் மட்டும் திரும்பக் கிள்ளானுக்கே போவேன். எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஐரோப்பாவுக்குப் போக என்னென்ன தாள் வேண்டும் என்று நான் இங்கே பட்டியல் போடப் போவதில்லை. அது மாறிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் நாம் மலேசியப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நேரே லண்டனில் போய் இறங்குவோம். இப்போது கிளம்பும் முன்பே போனில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஒரே விசாவில் பல நாடு சுற்றலாமே, அந்த ஷெங்கன் நாடுகளின் எல்லையில் முத்திரை குத்துவது போய் விரல்ரேகை எடுப்பது வந்துவிட்டது. நான் எழுதி முடிப்பதற்குள் இன்னும் ஒன்று மாறியிருக்கும். விதியை எல்லாம் நீங்கள் திரையில் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்த தப்பு எந்தத் திரையிலும் வராது, அதனால் அதைச் சொல்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்தத் தப்பை முதுகில் வாங்கிய ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷம் ஆகிறது. தினேஷ் என்று ஒரு பையன், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முன்பு ஒரு முறை பாங்காக் போக நம்மிடம்தான் டிக்கெட் எடுத்தான். அவன் ஒரு நாள் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தான். அவன் தங்கை கல்யாணமாகி நெதர்லாந்தில் இருந்தாள். நிறைமாசம். தலைப்பிரசவம். மாப்பிள்ளை வீட்டில் கூட இருந்து பார்க்கப் பெரியவர்கள் யாரும் கிடையாது. அம்மா போய்த்தான் ஆகவேண்டும், துணைக்குத் தினேஷும் போவான். குழந்தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

அம்மாவின் பெயர் சரோஜா. கம்போங் மேடானில் அடுக்குமாடி வீடு. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வார். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் மாலை ஏழுவரை வீடு நிறையப் பிள்ளைகள். அன்றைக்கும் என் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. யாரோ ஒரு மலாய்க்காரத் தாயிடம், பிள்ளைக்குச் சளி மருந்து எந்த நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மலாயில் தண்ணீர் பட்ட பாடாகப் பேசினார். பேச்சுக்குப் பேச்சு முடிவில் மலேசிய 'லா' போட்டார். நான் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்: நம்ம ஊர் அம்மா.

"விசா கிசா வேணுமாக்கா?" என்று தினேஷ் கேட்டான்.

"தொண்ணூறு நாளுக்குள்ள திரும்பிட்டா ஒண்ணும் வேணாம்லா. பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுதான்னு மட்டும் பாத்துக்க" என்றேன்.

பாஸ்போர்ட் எண்களை அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நகல் அனுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். தெரிந்த பையன்தானே என்று கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தேசியம் என்ற கட்டத்தில் 'மலேசியா' என்று என் கையாலேயே நிரப்பினேன்.

இங்கே வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையில் இரண்டு நிறம்: குடியுரிமை இருப்பவருக்கு நீல ஐசி, நிரந்தரவாசிக்குச் சிவப்பு ஐசி. நம் சனத்தில் எத்தனையோ பேர் இங்கேயே வாழ்ந்து, இங்கேயே பிள்ளை பெற்று, மனு மேல் மனு போட்டுக் காத்திருந்து, இன்னமும் சிவப்பையே பையில் வைத்திருக்கிறார்கள். அதனால் நாம் யாரையும் அந்தக் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் புண்ணில் கை வைத்த மாதிரி இருக்கும் என்று நினைப்போம். பேச்சிலேயே மோப்பம் பிடித்து, நாமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். அதற்கு மரியாதை என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

சரோஜாம்மா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தவர். முப்பத்தைந்து வருஷமாகச் சிவப்பு ஐசி. கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்.

மகனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அவர்கள் குடும்பமாகப் போன ஒரே வெளிநாடு திருச்சிதான். அங்கே போக அவனுக்குத்தான் விசா வேண்டும், அம்மா பாட்டுக்கு விமானம் ஏறுவார். எங்கே போனாலும் அம்மாவுக்கு விசா தொல்லை இல்லை என்றே அவன் மனசில் பதிந்திருந்தது. அவன் பதினைந்து வயதிலிருந்து பார்த்த ஒரே அனுபவம் அது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான்.

கிளம்பும் நாள் காலை எட்டு மணிக்கு நான் ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போது போன் வந்தது. "அக்கா, கவுண்டர்ல அம்மாவ உள்ள விடமாட்டாங்களாம். விசா எங்கன்னு கேக்கறாங்க. நீங்கதானே வேணாம்னீங்க?" அவன் கத்தினான். பின்னால் அறிவிப்புச் சத்தம்.

எனக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. கைப்பையோடு படியிறங்கி சென்ட்ரல் ஸ்டேஷனில் விமான நிலைய ரயில் ஏறினேன். முப்பது நிமிஷம் போல ஆகும். அந்த நேரம் முழுக்க நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னைக் காப்பாற்றிக்கொள்ள வாசகம் தேடினேன். 'நகல் அனுப்பாதது நீங்கள்தானே', 'இந்தியப் பாஸ்போர்ட் என்று சொல்ல வேண்டாமா', 'டிக்கெட்டில் தேசியம் போட்டிருக்கிறதே, படித்துப் பார்க்கவில்லையா'. எல்லாம் நல்ல வாசகங்கள். எல்லாம் பாதி உண்மை வேறு.

புறப்பாட்டுக் கூடத்தில் சரோஜாம்மா ஒரு நீலப் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, புது ஸ்வெட்டர். பெட்டிக்குள் பத்தியத்துக்கு வேண்டிய சுக்கு, பூண்டு, பிரசவ லேகியம். அந்த முகத்தைப் பார்த்ததும் ரயிலில் தேடிய வாசகம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"என் தப்பும்மா. உங்க பாஸ்போர்ட் எந்த நாடுன்னு நான் கேக்கல" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு..."

"எனக்கு என்னம்மா கஷ்டம்? முப்பத்தஞ்சு வருஷமா அந்தச் செகப்பக் கையில வச்சிக்கிட்டுத்தான் பேங்குக்கும் போறேன், கிளினிக்குக்கும் போறேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா. கேக்கறதுக்கு உனக்குத்தான் வெக்கம். உன் வெக்கத்துக்கு எம்பொண்ணு அங்க தனியா கெடக்கணுமா?"

திட்டு வாங்கியே வயதானவள் நான். முதலாளிகள், விமானக் கம்பெனிக்காரர்கள், பெட்டியைத் தொலைத்தவர்கள் என்று எல்லாரிடமும் வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரே வரியில் என் தொழிலின் ஓட்டையைக் காட்டிக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

திட்டி முடித்ததும் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். கவுண்டர் மூட இருபது நிமிஷம் இருந்தது. "நானும் போகல, உன்ன விட்டுட்டு எப்படிப் போறது" என்று தினேஷ் அழும் நிலையில் நின்றான். சரோஜாம்மா எழுந்து அந்தப் பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

"நீ போ. லேகியம் எத்தன வேளைன்னு நான் போன்ல சொல்றேன். தங்கச்சிக்கு ரசம் வச்சுக் குடு. வைக்கத் தெரியலன்னா கத்துக்க."

அவன் போனான். நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் திரும்பினோம். வழியிலேயே அவர் ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவுக்கும் போன் போட்டு, "நாளைக்குக் கொண்டாந்து விடுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். ஏன் என்று கேட்டவர்களிடம் "பேப்பர்ல ஒரு கோளாறு" என்று மட்டும் சொன்னார். யாருடைய கோளாறு என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்திலேயே பூமி விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

அடுத்து சிக்கந்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழக்கரையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து நம்மிடம் டிக்கெட் வேலை பார்த்தவர். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். நம் ஆபீஸ் ஒரு முறை அவரைச் சுற்றுலாக் கூட்டத்தோடு ஐரோப்பாவுக்கு அனுப்பப் பார்த்து, அரைகுறைத் தாள்களோடு மனுப் போட்டதால் விசா மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புக் கடிதத்தை அவர் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

நெதர்லாந்துக்கு மனுக் கொடுக்க நேரம் வாங்க வேண்டும். திரையில் பார்த்தால் மூன்று வாரத்துக்கு இடமே இல்லை. குழந்தைக்கோ பத்து நாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒருவர் போனில் சொன்னார்: வேறொரு ஷெங்கன் நாட்டுக்கு நாளைக்கே இடம் இருக்கிறது, அங்கே சுற்றிப் பார்க்கப் போவதாக ஒரு ஹோட்டல் பதிவு காட்டினால் போதும், உள்ளே போன பிறகு எந்த நாட்டுக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன். குற்ற உணர்ச்சியில் இருக்கும்போது குறுக்கு வழி ரொம்ப நல்ல வழியாகத் தெரியும். அவசர அவசரமாகப் பிராயச்சித்தம் தேடுகிறவள் கையில் அன்று யாரும் பேனாவைக் கொடுத்திருக்கக் கூடாது.

சிக்கந்தர் இழுப்பறையைத் திறந்து தன் கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

"அக்கா, ஒங்க பாஸ்போர்ட்டுக்குக் கதவு தானாத் தொறக்குது. நீங்க கேட்டுப் பழகல. நாங்க ஒவ்வொரு தடவையும் தட்டித்தான் போகணும். ஒரு தடவ பொய்யின்னு பிடிச்சுட்டாங்கன்னா, பிறகு எந்த நாட்டு ஃபாரத்துலயும் 'உனக்கு மறுத்திருக்காங்களா'ன்னு ஒரு கேள்வி இருக்கும். ஆமான்னு போட்டுக்கிட்டே இருக்கணும். நான் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த அம்மா வாழ்நாள் பூரா பொண்ணப் பாக்கப் போகணும்லக்கா?"

அந்த நபரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து சிக்கந்தர் ஏழு மணிக்கே வந்து திரைமுன் உட்கார்ந்தார். யாராவது ரத்து செய்தால் ஓர் இடம் விழும். அதற்காக, டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல், அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் ஓர் இடம் விழுந்தது, இரண்டு நாள் கழித்துக் காலையில். அவர் சத்தம் போடவில்லை, விரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

தாள்களைச் சேர்த்தோம். மருமகன் அங்கே நகராட்சியில் உறுதி செய்து அனுப்பிய அழைப்பு, காப்பீடு, இங்கே திரும்பி வர அனுமதி இருக்கிறது என்பதற்கான முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வருவதற்கு என்ன காரணம் என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். சம்பளச் சீட்டு இல்லை, சொத்து இல்லை, வீடு கணவர் பெயரில் இருந்து மகன் பெயருக்குப் போயிருந்தது.

"ஏன், பிள்ளைங்க இருக்குல்ல?" என்றார் சரோஜாம்மா.

அன்று மாலையே எட்டுக் கடிதங்கள் வந்தன. மருத்துவமனைத் தாதி ஒருவர், பாசார் சந்தையில் மீன் விற்கும் சீனப் பெண் ஒருவர், பள்ளிக்கூட வேன் ஓட்டும் தமிழ்ப் பெண் ஒருவர், இப்படி எட்டுத் தாய்மார். மலாயிலும் ஆங்கிலத்திலும் கையால் எழுதியவை. இந்த அம்மா இத்தனாம் தேதி திரும்பி வந்து எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இவர் வராவிட்டால் நாங்கள் வேலைக்குப் போக முடியாது என்று இருந்தது. இதெல்லாம் செல்லாது என்று நான் ஒதுக்கி வைத்தேன். சிக்கந்தர் எடுத்துக் கோப்பில் கோர்த்தார்.

எத்தனை நாள் என்ற இடத்தில் தொண்ணூறு போடலாம் என்றேன்.

"இருபது போடு. இருபது நாள்னுதான் பிள்ளைங்களோட அம்மாங்ககிட்ட சொல்லியிருக்கேன்" என்றார் சரோஜாம்மா.

மனுவோடு ஒரு கடிதம் நானே எழுதினேன். மூன்று நாளில் பிரசவம், தாய் அருகில் இருக்க வேண்டும், ஆகவே தயவுசெய்து விரைந்து பார்க்கவும் என்று. அந்தக் கடிதம்தான் எங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம். சாதாரண வரிசையில் போனால் பதினைந்து நாள் வரை ஆகலாம்.

மனுக் கொடுக்கும் நாள் காலை சரோஜாம்மா விசா மையத்தின் வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. போனை என் பக்கம் நீட்டினார். துணியில் சுற்றிய ஒரு குட்டி முகம்.

"விடியக்காலை தினேஷ் அனுப்புனான். பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

எனக்குச் சந்தோஷமும் வேதனையும் ஒன்றாக வந்தன. முந்தைய வாரம் அவர் விமானம் ஏறியிருந்தால் அந்த அறையில் இருந்திருப்பார். மகளின் கையைப் பிடித்திருப்பார். நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் அது போயிற்று. இனி எந்த விசாவாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

உடனே என் புத்தி கடிதத்துக்குப் போனது. 'மூன்று நாளில் பிரசவம்' என்பதை வைத்துத்தானே அவசரம் கேட்கிறோம்? குழந்தை பிறந்துவிட்டது என்றால் அவசரம் போய்விடும், கோப்பை வரிசையில் கடைசியில் வைப்பார்கள்.

"அம்மா, உள்ள எதுவும் சொல்ல வேணாம். நேத்து எழுதுன கடிதம். நேத்து அது உண்மைதானே" என்றேன்.

"எழுதறப்ப உண்மை. குடுக்கறப்ப?" என்றார்.

எங்கள் எண் வந்தது. கவுண்டரில் இருந்த பெண் கோப்பைத் திறப்பதற்குள் சரோஜாம்மா மலாயில் பேச ஆரம்பித்துவிட்டார். "குழந்தை இன்று காலை பிறந்துவிட்டது. இந்தக் கடிதத்தில் இருப்பது பழசு. மாற்றி எழுத வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன்."

அந்தப் பெண் கோப்பிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, எழுதிக் கொடுங்கள், சேர்த்து அனுப்புகிறேன் என்றாள். சரோஜாம்மா சொல்லச் சொல்ல நான் ஓரமாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். என் பேத்தி பிறந்துவிட்டாள். என் மகளுக்குச் சமைத்துப் போட, குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. இருபது நாள் இருந்து பார்த்துவிட்டு வருவேன். இங்கே எட்டுப் பிள்ளைகள் என் வீட்டுக் கதவு திறக்கக் காத்திருப்பார்கள். இவ்வளவுதான். என் வாழ்நாளில் எத்தனையோ விசாக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தைகூட கூட்டவோ குறைக்கவோ தோன்றாத கடிதம் அது ஒன்றுதான்.

ஒன்பது நாளில் விசா வந்தது. எட்டுக் கடிதங்களைப் படித்தார்களா, புதுத் தாளைப் படித்தார்களா, அல்லது அது சும்மா அவர்கள் வழக்கமான வேகமா, எனக்குத் தெரியாது. இப்படிச் செய்தால் விசா நிச்சயம் என்று உங்களிடம் கதை விட மாட்டேன். உண்மை எழுதியும் மறுக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மா அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் எந்த ஃபாரத்திலும் எதையும் மறைக்காமல் கையெழுத்துப் போட முடியும். அதை அவர் தானே சம்பாதித்துக்கொண்டார்.

இரண்டாவது முறை வழியனுப்ப நானும் விமான நிலையம் போனேன். கவுண்டரில் விசாவைப் பார்த்து, பெட்டியை வாங்கி, சீட்டைக் கொடுத்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிரசவத்தப்ப நீங்க பக்கத்துல இல்லாமப் போனது என்னாலதாம்மா" என்றேன்.

பரவாயில்லை, விடு என்பார் என்று எதிர்பார்த்தேன். மற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமா. உன்னாலதான்" என்றார். என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இன்றுவரை அவரை நான் மதிப்பது அதற்காகத்தான். எனக்கு இதமாக இருக்கட்டும் என்றுகூட அவர் ஒரு பொய் சொல்லவில்லை. இருபதாம் நாள் திரும்பினார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்று தினேஷ் சொன்னான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருக்கும். ஒரு மதியம் கம்போங் மேடானிலிருந்து ஒரு பெண் மாடியேறி வந்தார். மகன் ஜெர்மனியில் படித்துப் பட்டம் வாங்குகிறான், போக வேண்டும் என்றார். சரோஜாக்கா அனுப்பினார்கள் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னால அவங்க பட்ட பாட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாம் சொன்னாங்கக்கா. 'அதனால பேத்தி பொறந்தப்ப நான் பக்கத்துல இல்ல, இன்னும் எனக்கு அது ஆறல'ன்னாங்க. 'ஆனா ஏர்போர்ட்டுல நான் கேக்கறதுக்கு முன்னாடியே தப்பு என்னதுன்னு அவளே சொன்னா. அந்த மாதிரி சொல்ற ஆளுகிட்டதான் நீ போகணும்'னாங்க."

நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, பின்கட்டுக்குப் போய் முகம் கழுவி, துடைத்துக்கொண்டு வந்த பிறகுதான் அவர் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கினேன்.